எந்தப் பத்தியில் நம் பிள்ளைகள்?

1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அங்கு வேலைக்கு வந்த தமிழர்கள் பார்த்த கணக்கு, கொழுந்து எத்தனை ராத்தல் என்பதே. பல்கலைக்கழகக் கணக்கு பேரப் பிள்ளைகள் காலத்தில்தான் வந்தது.

1970களில் தொடங்கிய இன ஒதுக்கீட்டுக்குப் பதிலாக 2002இல் தகுதிமுறை வந்தது. சிஜிபிஏவுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10. எஸ்டிபிஎம் எழுதியவருக்கும் மெட்ரிகுலேஷன் முடித்தவருக்கும் சூத்திரம் ஒன்றுதான்; தேர்வுகள்தாம் வேறு. மெட்ரிகுலேஷனிலோ 90 விழுக்காடு இடங்கள் பூமிபுத்ராக்களுக்கு. 2019இல் இடங்கள் 25,000லிருந்து 40,000 ஆனபோதும் அந்த விகிதம் மாறவில்லை.

யார் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்பது பெரும்பாலும் நாடாளுமன்றக் கேள்விக்குப் பதிலாகவே வெளிவரும். அதிலும் பூமிபுத்ரா, சீனர், இந்தியர், மற்றவர் என்றுதான் பத்திகள். தமிழ் முஸ்லிம் என்று தனிப் பத்தி இல்லை. பதிவில் இந்தியர் என்றிருந்தால் அங்கே, மலாய் என்றிருந்தால் இங்கே. இந்த ஐம்பது ஆண்டுகளில் நம்மில் எத்தனை பேர் பட்டம் படிக்கப் போனார்கள் என்று அரசாங்கப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. நம் சங்கப் பதிவேட்டில்தான் எழுதி வைக்க வேண்டும்.

பெற்றோருக்கு உடனே உதவுவது யுபியுவின் இ-பண்டுவான். விலை தெரியாமல் சரக்கெடுக்க எந்த வியாபாரியும் போகமாட்டான், விண்ணப்பமும் அப்படித்தான். ஒவ்வொரு படிப்புக்கும் மெரிட் சராசரி அதில் இருக்கிறது. அது சராசரிதான், கடைசியாக நுழைந்தவரின் மதிப்பெண் அல்ல. 85 என்று போட்டிருந்தால், 82 வைத்திருக்கும் பிள்ளையும் அந்தப் படிப்பை விண்ணப்பத்தில் எழுதலாம்.