டார்க் ரெஞ்சின் கதை: குழாய்ப் பள்ளத்திலிருந்து பைக் வரை

பைக்கை வீட்டிலேயே கழற்றி மாட்டுபவர்கள் முதலில் வாங்குவது ஸ்பானர் செட். டார்க் ரெஞ்சைக் கடைசியில்தான் வாங்குவார்கள், அதுவும் ஏதாவது ஒரு போல்ட்டின் மரை போன பிறகு! "கைப்பழக்கம் இருக்கிறவனுக்கு அது எதற்கு?" என்று கேட்கும் மெக்கானிக்குகள் இன்றும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கருவி பிறந்ததே கைப்பழக்கத்தை நம்ப முடியாமல் போன ஒருவரால்தான்.

அவர் பெயர் கான்ராட் பார். நியூயார்க் நகரத் தண்ணீர்த் துறையில் வேலை பார்த்தவர். தெருவுக்கு அடியில் ஓடும் பெரிய குழாய்களின் விளிம்புகளை வட்டமாகப் பல போல்ட்டுகள் போட்டு இணைப்பார்கள். ஒன்று இறுகலாகவும் பக்கத்தில் உள்ளது தளர்வாகவும் இருந்தால் விளிம்பில் அழுத்தம் சீராக விழாது. ஒன்று ஒழுகும், இல்லாவிட்டால் உடையும். பள்ளத்தில் இறங்கிப் பார்த்த பாருக்கு ஆளுக்கு ஆள் முறுக்கு வேறுபடுவது எரிச்சலாக இருந்தது. அளவுக்கு மேல் முறுக்க விடாத ஒரு கருவியை 1918இலேயே செய்துவிட்டதாகப் பின்னாளில் சொன்னார். ஆனால் காப்புரிமை வாங்க அவசரப்படவில்லை.

அதற்குள் கார் தொழில் முந்திக்கொண்டது. எஞ்சின் தலைப்பகுதியின் போல்ட்டுகள் ஒரே சீராக இறுகாவிட்டால் கேஸ்கெட் போய்விடும். குழாயில் இருந்த அதே பிரச்சினைதான்! 1930களின் தொடக்கத்தில் கிரைஸ்லர் நிறுவனத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பீம் வகை ரெஞ்ச் வந்தது. 1931இல் ஜான் ஷார்ப் என்பவர் முறுக்கை அளக்கும் ரெஞ்ச் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். பார் விழித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். பொறியாளர் ஜார்ஜ் ஃபெஃபர்லியுடன் சேர்ந்து, விரும்பிய அளவை வைத்துக்கொண்டு முறுக்கினால் சத்தம் கொடுக்கும் ரெஞ்சை 1935இல் காப்புரிமைக்குக் கொண்டுபோனார். இன்று கடையில் கிடைக்கும் கிளிக் வகையின் முன்னோடி அது.

இந்த இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம்தான் இன்று மலிவாக வாங்க நினைப்பவர் கவனிக்க வேண்டியது. பீம் வகையில் இருப்பது ஒரு வளையும் தண்டு, ஒரு வளையாத முள், ஒரு அளவுகோல். விசைக்கு ஏற்ப வளைவு என்பது 1678இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி. பள்ளிக்கூடத்தில் ஸ்பிரிங் சோதனையில் பார்த்ததேதான். தேய்வதற்கு உள்ளே எதுவும் இல்லை. முள் பூஜ்யத்தில் நிற்கவில்லையா? மெல்ல வளைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் போதும். கிளிக் வகையில் ஸ்பிரிங் உள்ளே ஒளிந்திருக்கிறது. தளர்ந்தாலும் வெளியே தெரியாது, "கிளிக்" மட்டும் வழக்கம்போல் கேட்கும்! பெரும்பாலான கிளிக் ரெஞ்சுகளுக்கு ஐஎஸ்ஓ 6789 தரம் அனுமதிக்கும் பிழை கூட்டியோ குறைத்தோ 4 சதவீதம். அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதிக்கவும் காசு செலவாகும். கையில் பணம் குறைவென்றால் பீம் வகையே புத்திசாலித்தனம். ஆனால் முள்ளை நேராகப் பார்க்க முடியாத இண்டு இடுக்கில் அதனால் தொல்லைதான், அங்கே கிளிக்கை அடிக்க ஆளில்லை.

வகையைவிட முக்கியம் அளவு. பைக் எஞ்சின் உறை அலுமினியம். அதில் இறங்கும் 6 மில்லிமீட்டர் எஃகு போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான் முறுக்கு வேண்டும். காருக்கென்று விற்கும் அரை அங்குல ரெஞ்சுகள் பல 30, 40க்கு மேல்தான் தொடங்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கியவர் அலுமினிய மரையைப் பிய்த்தெடுப்பார். பின்சக்கர அச்சு நட்டுக்கு அதே பெரிய ரெஞ்ச் சரியாக இருக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சிறிய போல்ட்டுகளுக்கானதை வாங்குவதே நல்லது. எண்ணிக்கையில் அவைதான் அதிகம், மரை போவதும் அவற்றில்தான்.

சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண் கிலோகிராம் மீட்டராக இருந்தால் 9.8ஆல் பெருக்க வேண்டும். உலர்ந்த மரைக்குச் சொன்ன எண்ணை எண்ணெய் தடவிய மரைக்குப் போடக்கூடாது. முறுக்கில் பெரும்பகுதி உராய்விலேயே செலவாகிறது, எண்ணெய் அதைக் குறைத்தால் மிச்சமெல்லாம் போல்ட்டை இழுக்கப் போய்விடும். கிளிக் வகை வாங்கியவர்கள் வேலை முடிந்ததும் அதை அளவுகோலின் அடி எண்ணுக்கு இறக்கி வைக்க வேண்டும். துருப்பிடித்த நட்டைக் கழற்ற அதை எடுக்கவே கூடாது, அதற்குப் பழைய ரிங் ஸ்பானர் இருக்கிறது.