நின்ற இடத்தில் நடுங்கும் எந்திரம்



சாலையில் ஒழுங்காக ஓடி வந்த பழைய மோட்டார்க்கார் ஒன்று, ரயில்வே கேட்டருகே நின்றவுடன் உடல் முழுதும் நடுங்கி, விக்கி விக்கி அணைந்து போவதைக் கண்டிருப்பீர்கள். ‘ஐடிலிங் சரியில்லை’ என்றும், ‘மிஸ் அடிக்கிறது’ என்றும் மெக்கானிக்குகள் இதனைக் கூறுவர். ஓடும்போது தோன்றாத நோய் நிற்கும்போது தோன்றுவானேன்? இதற்கு விடை காண விரும்புவோர் மோட்டார் வண்டியின் வரலாற்றைச் சற்றே அறிதல் வேண்டும். பழுதைத் தேடும் வழியை அவ்வரலாறே நமக்குக் காட்டுகிறது.

நான் வாழும் தலத்தெரு காரைக்காலைச் சார்ந்தது. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை இப்பகுதி பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தது. மோட்டார்த் தொழிலின் சொற்கள் பலவும் பிரெஞ்சு மொழி தந்தவையே. ‘ஷோஃபர்’ என்னும் சொல்லுக்குத் தீ மூட்டுபவன் என்பது பொருள். நீராவி வண்டிக் காலத்தின் எச்சம் அது. ‘கார்புரேட்டர்’ என்பதும், கரிச்சேர்மத்தைக் குறிக்கும் ‘கார்பூர்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்ததாகும்.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பார் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886இல் காப்புரிமை பெற்றார். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவியார் பெர்த்தா, தம் இரு புதல்வருடன் அத்தகைய வண்டி ஒன்றில் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குச் சென்றார். தொலைவு 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியில் எரிபொருட் குழாய் அடைத்துக்கொள்ளவே, தொப்பி ஊசியால் அதனைக் குத்திச் சீர்செய்தார். மின்கம்பி ஒன்றின் உறை தேய்ந்தபோது, காலுறைப் பட்டியைச் சுற்றி மறைத்தார். எரிபொருள், மின்பொறி ஆகிய இரண்டும் பழுதாகும் என்பதும், எது பழுது என்று கண்டபின்பே கை வைத்தல் வேண்டும் என்பதும் அன்றே விளங்கிவிட்டன.

1893இல் மேபாக் என்னும் பொறியியலறிஞர் பெட்ரோலை நுண்துளை வழியே தெளிக்கும் கார்புரேட்டரை அமைத்தார். 1910ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் கெட்டரிங் என்பார் பேட்டரி, காயில், பாயிண்ட் ஆகியவற்றைக் கொண்ட மின்பொறி அமைப்பை உருவாக்கினார். இங்கிலாந்தில் ஸ்கின்னர் உடன்பிறந்தார் ‘எஸ்.யூ.’ கார்புரேட்டரை ஆக்கினர். இவ்வழி வந்த அறிவெல்லாம் ஒருங்கே நம் நாட்டுச் சாலைகளில் உலவியது, வங்காளத்து உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசடர் காரின் வடிவிலாகும்.

இனி, நடுக்கத்தின் காரணத்தை ஆராய்வோம். எந்திரம் நிமிடத்திற்கு 700 முறை சுழல்வதாகக் கொள்வோம். நான்கு வீச்சு எந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் இரு சுழற்சிக்கு ஒருமுறை வெடிக்கும். ஆகவே ஒரு சிலிண்டர் நிமிடத்திற்கு 350 முறையும், நான்கும் சேர்ந்து 1,400 முறையும் வெடிக்கின்றன. ஒன்று தவறினால் நான்கில் ஒரு பங்கு வலிமை போய்விடும். வேகத்தில் சுழலும்போது அக்குறையை ஓட்டத்தின் உந்தம் ஓரளவு மறைத்துவிடும். மெதுவாகச் சுழலும்போது மறைக்க ஒன்றுமில்லை.

மற்றொன்றும் உண்டு. வண்டி நிற்கும்போது காற்று புகும் வாயில் பெரும்பாலும் மூடியிருக்கும். எந்திரம் சிறிதளவு காற்றையே உறிஞ்சும். உறிஞ்சும் இழுவையோ மிகுதி. அவ்வேளையில் இணைப்பொன்றில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும், அதன் வழியே வேண்டாத காற்று புகுந்து கலவையைக் கெடுக்கும். வேகத்தில் பெருங்காற்று செல்லும்போது அச்சிறு கசிவு கணக்கில் வாராது.

தலத்தெருவில் என் பழைய மாணவர் ஒருவர் அம்பாசடர் டாக்சி ஓட்டிவந்தார். சனிக்கிழமைதோறும் திருநள்ளாற்றுக்கு அடியார்களை ஏற்றிச் செல்வதே அவருடைய பிழைப்பு. வண்டி நின்ற இடத்திலெல்லாம் அணையத் தொடங்கியது. புதிய கார்புரேட்டர் வாங்குமாறு சிலர் கூறினர். ஒரு மாத வருவாய் அதற்கே போய்விடும். அவர் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரை நாடினார். நானும் உடனிருந்தேன்.

அவர் திருப்புளியை எடுக்கவில்லை. “திருகைத் தொடாதே தம்பி, முதலில் காது கொடுத்துக் கேள்” என்றார். ரப்பர் கையுறை அணிந்து, பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒவ்வொரு முறையும் எந்திரத்தின் வேகம் ஒரே அளவில் குறைந்தது. ஆகவே தனியொரு சிலிண்டரின் பழுதன்று. பிளக்குகளைப் பார்த்தார். கலவை சரியாயின் அவற்றின் முனை இளம்பழுப்பாக இருக்கும். பெட்ரோல் மிகுந்தால் கரி படியும். காற்று மிகுந்தால் வெளிறும். நான்கும் வெளிறியிருந்தன. பாயிண்டின் இடைவெளியை அளந்தார், ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர், குறையில்லை. கடற்காற்றில் பச்சை பூத்திருந்த கம்பி முனைகளைத் துடைத்தார், நடுக்கம் தீரவில்லை. பிறகு, கார்புரேட்டர் பொருந்தும் இணைப்பில் எண்ணெய்க் குப்பியிலிருந்து சில துளிகள் விட்டார். உடனே எந்திரத்தின் ஒலி மாறியது! பழைய பேக்கிங் வழியே காற்று கசிந்திருக்கிறது. சிறு செலவில் புதிய பேக்கிங் இட்டார்.

அதன் பின்னரே கார்புரேட்டரைச் சரிபார்த்தார். எஸ்.யூ. வகையில் உள்ளே இருக்கும் சிறு பிஸ்டனைச் சற்றே உயர்த்திப் பார்ப்பர். எந்திரம் விரைந்து அவ்வேகத்திலேயே நின்றால் பெட்ரோல் மிகுதி. அணைய முற்பட்டால் குறைவு. கணப்பொழுது விரைந்து பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. முன்னரே திருகைத் திருகியிருந்தால், கசிவு மறைந்திருக்குமேயன்றித் தீர்ந்திராது.

இன்றைய கார்களில் இவ்வேலையை உணர்கருவிகளும் கணிப்பொறியும் செய்கின்றன. பழைய கார்களுக்கோ புதிய இடர் ஒன்று சேர்ந்துள்ளது. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கக் கூடும். முன்பு அமைத்த கலவையையும் காற்று மிகுந்ததாக்கும். ஆதலின் குழாய்களை அடிக்கடி பார்த்தல் நன்று. மூடிய கொட்டகையில் எந்திரத்தை ஓடவிட்டுச் சோதித்தல் கூடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்ற நஞ்சு.

அம்பாசடர் செய்வது நின்றுவிட்டது; அதைச் செப்பனிடத் தெரிந்த முதியோரும் அருகி வருகின்றனர். அவர்கள் கையிலிருக்கும் கல்வி எந்த நூலிலும் முழுமையாக இல்லை. உங்கள் ஊரில் அத்தகையோர் ஒருவரேனும் இருப்பார். விடுமுறை நாளில் அவரருகே சென்று அமருங்கள். அவர் எதை முதலில் பார்க்கிறார், எதைக் கடைசியில் தொடுகிறார் என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பயனைக் காணும் அவ்வொழுங்கு, உங்கள் சோதனைச்சாலைக்கும் உரியதே.