மாறிலி என்னும் கடைசி வரிசை: இலங்கையின் இறப்பு வீத வீழ்ச்சி பற்றிய கணிப்புகளை ஓர் அட்டவணையில் வைத்து நோக்கல்

இலங்கையின் குடித்தொகை வரலாற்றை ஆராய்ந்தோர் அனைவரும் 1946, 1947 ஆகிய இரு ஆண்டுகளிடத்தே வந்து தரித்து நின்றுள்ளனர். 1946இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் மறு ஆண்டில் ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தது. ஆயிரம் பிறப்புகளுக்கு 141 ஆக இருந்த சிசு மரண வீதம் 101 ஆயிற்று. இதே காலப்பகுதியில் மலேரியா நுளம்பை ஒழிக்கும் பொருட்டு வீடுகளினுள் டி.டி.ரி. தெளிக்கப்பட்டு வந்தது. 1945இன் இறுதியில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய இத்தெளிப்பு 1947 அளவில் மலேரியா நிலவிய பிரதேசங்களிற் பெரும்பாலானவற்றை எட்டியிருந்தது. இரண்டும் உடனிகழ்ந்தமையால் ஒன்று மற்றதன் விளைவே என்னும் முடிவு எளிதிற் பிறந்தது. கிங்ஸ்லி டேவிஸ் முதலான அமெரிக்கக் குடித்தொகையியலாளர் 1950களில் இலங்கையை இதற்கொரு சான்றாக எடுத்துக்காட்டினர். பொருளாதார வளர்ச்சியோ சமூக மாற்றமோ இன்றியே, வெளியிலிருந்து வந்த ஓர் இரசாயனம் சாவைக் குறைத்துவிட்டது என்பது அவர்தம் வாதத்தின் சாரம். மக்கட்பெருக்கம் பற்றிய மால்தசின் பழைய அச்சம் இவ்வாதத்தின் மறுபக்கமாக உடன்வந்தது.

இவ்வாதம் வெறும் புள்ளிவிபரவியல் வாதமன்று. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது; 1942இல் அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது; நாட்டுப்புறங்களில் வைத்தியசாலைகளும் பிரசவ நிலையங்களும் பெருகின; 1945இல் இலவசக் கல்வி வந்தது. மக்கள் வாக்கின் பலத்தாலும் போராட்டத்தாலும் பெற்ற இவற்றுக்கு உயிர்காத்ததிற் பங்குண்டா, இல்லையா என்பதே உண்மையான வினா. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் மாண்டபோது கேகாலைப் பகுதிக்கு நிவாரணம் கொண்டுசென்ற சூரியமல் இயக்கத்தினர், காய்ச்சலுக்கு முன்னரே பசி அங்கு குடிகொண்டிருந்ததைக் கண்டனர். அவர்களிற் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தவர்கள் என்பதும் தற்செயலானதன்று.

ஆய்வுலகில் எழுந்த முதல் மறுப்புகளுள் ஒன்று ஹரல்ட் பிரெடெரிக்சனுடையது. மலேரியா மிகுந்த பகுதிகளில் மட்டுமன்றி, அது அரிதாயிருந்த பகுதிகளிலும் சாவு குறைந்ததை 1960ஐ ஒட்டிய கட்டுரைகளில் அவர் சுட்டினார். பீற்றர் நியூமன் 1965இல் வெளியிட்ட நூலில் அதற்கு எதிர்வாதம் தொடுத்தார். இலங்கை அறிஞரான எஸ். ஏ. மீகம 1967இல் விவாதத்தில் இணைந்தார். ஆர். எச். கிறே 1974இல் மாவட்டத் தரவுகளை மீண்டும் கணித்தார். போருக்குப் பிந்திய இறப்பு வீத வீழ்ச்சியில் மலேரியாக் கட்டுப்பாட்டின் பங்கு நியூமனின் கணிப்பில் நூற்றுக்கு 42. கிறேயின் கணிப்பில் 23. ஒரே தீவு, ஏறத்தாழ ஒரே தரவுகள். விடையோ ஏறத்தாழ இருமடங்கு வேறுபடுகிறது.

இருவரும் கையாண்டது பிற்செலவு எனப்படும் ரிகிரஷன் முறை. மாவட்டந்தோறும் பாடசாலைப் பிள்ளைகளுள் மண்ணீரல் வீங்கியோர் எத்தனை சதவீதம் என்பது மலேரியாவின் அளவுகோல்; அதற்கு மண்ணீரல் வீதம் என்று பெயர். மண்ணீரல் வீதம் ஓர் அலகு உயர்ந்த மாவட்டத்தில் இறப்பு வீத வீழ்ச்சி எவ்வளவு மிகுந்திருந்தது என்பதைக் கூறுவது குணகம். மண்ணீரல் வீதம் பூச்சியமாக இருப்பின் வீழ்ச்சி எவ்வளவாயிருக்கும் என்பதைக் கூறுவது மாறிலி. இவ்விரண்டாவதை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.

பல காரணிகளை ஒருங்கே வைத்துக் கணிக்கும் பன்மடிப் பிற்செலவைச் சமூக ஆய்வுக்கு முதன்முதல் முறையாகப் பயன்படுத்தியவர் உட்னி யூல் என்பவர். 1899இல் அவர் ஆராய்ந்தது இங்கிலாந்தின் வறியோரைப் பற்றியே. வறியோர்க்கு இல்லத்தில் வைத்தே உதவி வழங்குவது வறுமைப் பதிவைக் கூட்டுகிறதா என்பது வினா. 1871-81, 1881-91 ஆகிய இரு தசாப்தங்களுக்கும், நாட்டுப்புறம், நகரம் எனப் பிரிக்கப்பட்ட தொகுதிகளுக்கும் தனித்தனிச் சமன்பாடுகள் கண்டு அவற்றை அருகருகே வைத்தார். தமது அட்டவணையில் 'இதனால் விளைந்தது' என்று எழுதிய இடத்தில் 'இதனோடு தொடர்புற்றது' என்றே கொள்க என அடிக்குறிப்பொன்றையும் சேர்த்தார். வறியோர் சட்டத்தின் கடுமைக்கு ஆதரவாகக் கொள்ளத்தக்க ஓர் ஆய்வில் அவ்வெச்சரிக்கை அடிக்குறிப்பில் ஒதுங்கிக் கிடந்தது.

இன்று இவ்வேலையைக் கணினி மென்பொருள்கள் செய்கின்றன. ஸ்ரேற்றாவில் ஒவ்வொரு சமன்பாட்டின் முடிவையும் ஒரு பெயரிட்டுச் சேமித்து, பென் யான் ஆக்கிய எஸ்ட்டாப் என்னும் கட்டளைக்கு அப்பெயர்களைக் கொடுத்தால், அது எல்லாவற்றையும் ஓர் அட்டவணையாக்கித் தரும். ஆர் மென்பொருளில் ஸ்ராகேசர், மொடல்சமரி ஆகிய பொதிகள் இதனைச் செய்யும். சமன்பாடு ஒவ்வொன்றும் ஒரு நிரல். மாறி ஒவ்வொன்றும் ஒரு வரிசை. குணகத்தின் கீழே அடைப்புக்குறிக்குள் நியம வழு. அருகே நட்சத்திரக் குறிகள். அடியில் அவதானிப்புகளின் எண்ணிக்கை. ஒரு காலத்தில் கையால் எண்களைப் பெயர்த்தெழுதிய ஆய்வாளர் செய்த தவறுகள் இதனால் ஒழிந்தன. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை.

ஆயின் மென்பொருள் வரிசைகளை எவ்வாறு ஒன்றுசேர்க்கிறது என்பது கவனத்திற்குரியது. அது பார்ப்பது பெயரை மட்டுமே. இரு சமன்பாடுகளிலும் மாறியின் பெயர் ஒன்றாயிருப்பின் அவை ஒரே வரிசையில் அமர்ந்துவிடும். ஒன்றில் மண்ணீரல் வீதம் சதவீதமாகவும் மற்றதில் விகிதமாகவும் இருக்கலாம். ஒன்று 1939 அளவீட்டின்படியும் மற்றது 1941 அளவீட்டின்படியும் ஆகலாம். ஒன்றில் விளக்கப்படுவது முழுச் சனத்தொகையின் இறப்பு வீதம், மற்றதில் சிசு மரண வீதம் என்றிருக்கலாம். தரவு விடுபட்ட மாவட்டங்களை மென்பொருள் ஒசைப்படாமல் நீக்கிவிடுவதால் ஒரு நிரல் 21 மாவட்டங்களையும் மற்றது அதனிற் குறைந்த தொகையையும் பேசலாம். அடிப்படைக் காலத்தை 1930இலிருந்து எடுப்பதும் 1936இலிருந்து எடுப்பதும் ஒன்றல்ல. முன்னதில் 1934-35இன் கொள்ளைநோய்ச் சாவுகள் அடங்கிவிடும், மலேரியாவின் பங்கும் அதற்கேற்ப உயரும். இவை யாவும் அட்டவணையின் நேர்த்தியான கோடுகளுக்குள் மறைந்துபோகின்றன.

இலக்கிய மாணவரான நமக்கு இது புதிய பிரச்சினையன்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த காலம் தொட்டு, பல ஏடுகளை ஒப்புநோக்குவது தமிழ்ப் பதிப்புத்துறையின் உயிர்நாடியாக இருந்து வந்துள்ளது. பாடபேதங்களை அருகருகே தருபவர் எந்த ஏடு, எவ்விடத்தது, எங்கே சிதைந்தது என்பவற்றையும் உடன் தருவார். ஏடுகளின் சராசரியை எவரும் பாடமாகக் கொண்டதில்லை. பிற்செலவு அட்டவணையையும் பாடபேதப் பட்டியலாகவே வாசிக்க வேண்டும். 42, 23 என்பனவற்றின் நடுவே ஓரெண்ணைத் தேடுவது வீண். எத்தெரிவு ஒன்றை மற்றதாக்கியது என்பதே தேடத்தக்கது.

இனி வல்வெட்டித்துறைக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வடமராட்சியில் அமைந்த இக்கடலோடிகளின் ஊரை மேற்கூறிய எந்த அட்டவணையிலும் காண முடியாது. அது யாழ்ப்பாண மாவட்டம் என்னும் ஒற்றைப் புள்ளிக்குள் அடங்கிவிட்டது. 1938இல் வல்வையின் பாய்க்கப்பலான அன்னபூரணி, வில்லியம் அல்பேட் றொபின்சன் என்பாரால் வாங்கப்பட்டு, வல்வை மாலுமிகளோடு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது பலரும் அறிந்த செய்தி. (தொகுதிகளிடையே காணப்படும் இணைபைத் தனிமனிதர்க்கு ஏற்றிக் கூறலாகாது என்று 1950இல் நிறுவிய சமூகவியலாளர் வேறொரு றொபின்சன். வல்வைக்கு இருவரும் வேண்டியவர்களே.) நாகபட்டினத்தோடும் பர்மாவோடும் வாணிபம் செய்த இவ்வூரார் உண்டது பெரும்பாலும் கடல்கடந்து வந்த அரிசி. 1942இல் இரங்கூன் யப்பானியர் வசமானதும் அவ்வழி அடைபட்டது. பங்கீட்டு அட்டையே பின்னர் உணவுக்கு ஆதாரமாயிற்று.

இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மை நுளம்பு, ஆறுகள் வற்றும்போது மணலிடையே தேங்கும் குட்டைகளில் வளர்வது. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஆறுகள் இல்லை. ஆனால் அன்றைய யாழ்ப்பாண மாவட்டம் குடாநாட்டோடு முடிந்துவிடவில்லை. ஆனையிறவுக்குத் தெற்கே கரைச்சி, இரணைமடு, பூநகரி ஆகியனவும் அதனுட்பட்டவை. அங்கு குடியேறிய கமக்காரர் காய்ச்சலோடு போராடியே காடுவெட்டினர். கரையோரக் கப்பற்காரரும் இரணைமடுக் கமக்காரரும் ஒரே மண்ணீரல் வீதத்தையும் ஒரே இறப்பு வீதத்தையும் பெற்று, 21 புள்ளிகளுள் ஒன்றாயினர்.

வல்வை போன்ற ஊர்கள் அட்டவணையில் உண்மையாக உறைவது மாறிலி என்னும் கடைசி வரிசையிலேதான். மலேரியா இல்லாத, அல்லது அருகிய இடங்களில் சாவு எவ்வளவு குறைந்தது என்பதையே அவ்வரிசை சொல்கிறது. பிரெடெரிக்சனின் வாதம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. நுளம்பால் விளக்க முடியாத அவ்வீழ்ச்சிக்கு அரிசிப் பங்கீடு, வைத்தியசாலை, மருத்துவமாது, தாய்மாரின் எழுத்தறிவு முதலியன நெருங்கிய காரணங்களாக நிற்கின்றன. நியூமனின் எண்ணையே முழுதாக ஏற்பினும் நூற்றுக்கு 58 பங்கும், கிறேயின் எண்ணை ஏற்பின் 77 பங்கும் மலேரியாவுக்கு வெளியே தேடப்பட வேண்டியவை. டேவிஸ் பரப்பிய கதை தன் ஆதரவாளரின் கணிப்பிலேயே பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. இருந்தும் அட்டவணை ஆக்குவோர் மாறிலியை இடத்தை அடைப்பதாகக் கருதி நீக்கிவிடுவது வழக்கம். எஸ்ட்டாப்பில் அதற்கெனவே ஒரு தெரிவு உண்டு. ஒரு சொல்லைச் சேர்த்தால் கடைசி வரிசை மறைந்துவிடும்.

மாறிலியையும் மிகைப்படுத்தலாகாது. அது மண்ணீரல் வீதம் பூச்சியமாகும் ஒரு கற்பனை மாவட்டத்துக்கு உரியது. டி.டி.ரி. ஈ முதலியவற்றையும் கொன்றது. மலேரியா தணிந்தமையால் பிற நோய்களைத் தாங்கும் வலிமையும் உடலுக்குக் கூடியிருக்கும். மலேரியா மிகுந்த உலர்வலய மாவட்டங்களே வைத்தியசாலை குறைந்தவையாகவும் இருந்தன. ஆகவே அங்கு புதிதாகத் திறந்த வைத்தியசாலையின் பயனை நுளம்பொழிப்பின் கணக்கில் எழுதிவிடும் அபாயமும் உண்டு. 21 புள்ளிகளைக் கொண்டு இவற்றையெல்லாம் பிரித்தறிய முயல்வது, ஐந்தாறு மாறிகளைச் சேர்த்ததும் தளர்ந்துபோகும் முயற்சி. அநுராதபுரம் போன்ற ஒரு கடைக்கோடி மாவட்டத்தை நீக்கிக் கணித்து அந்நிரலையும் அருகில் வைத்தால் குணகம் எவ்வளவு ஓரூரை நம்பியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பின்னைய வரலாறும் மாறிலியின் பக்கமே சான்று கூறுகிறது. 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே பதிவாயினர். 1968-69இல் அந்நோய் மீண்டு வந்து ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்தது. ஆயினும் இறப்பு வீதம் 1946இன் நிலைக்குத் திரும்பவில்லை. நுளம்பு திரும்பியபோது வைத்தியசாலையும் மருந்தும் கல்விபெற்ற தாயும் அங்கிருந்தனர். 2016இல் இலங்கை மலேரியாவற்ற நாடெனச் சான்று பெற்றது.

1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று. பழைய தரவையும் புதிய தரவையும் ஒரே கோப்பில் இணைத்து இன்று கணிப்பவர் 'யாழ்ப்பாணம்' என்னும் பெயரை இரண்டிலும் காண்பார். மென்பொருளும் அவற்றை ஒன்றெனவே கொள்ளும். முன்னதில் இரணைமடு உண்டு, பின்னதில் இல்லை. பழைய மாவட்டத்தைப் பிரிவுவாரியாகப் பிரித்து, வடமராட்சிக்கும் கரைச்சிக்கும் தனித்தனிப் புள்ளிகள் அமைத்து, மாறிலியை நீக்காமல் கணிப்பதே அடுத்து ஆகவேண்டிய வேலை. அதற்கு வேண்டிய மூலங்கள் பிறப்பு இறப்புப் பதிவேடுகள். அவற்றுள் போருக்குத் தப்பியவற்றைத் தேடித் தொகுக்கும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவரும் புள்ளிவிபரவியல் மாணவரும் சேர்ந்தே மேற்கொள்ளலாம்.