கொரியாவின் மாட்டு எலும்புக் கோபுரம்

வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அந்த வாட்ஸப் தகவல் எனக்கு வந்துவிடும். "1960ல் தென் கொரியா இந்தியாவைவிட ஏழை நாடு, இன்று பாருங்கள்" என்று ஆரம்பிக்கும். அனுப்புகிற ஆளைப் பொறுத்து முடிவு மட்டும் மாறும். ஆசிரியராக இருக்கும் நண்பர் அனுப்பினால் எல்லாவற்றுக்கும் காரணம் கல்வி. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் என் சித்தப்பா மகன் அனுப்பினால் எல்லாவற்றுக்கும் காரணம் ஏற்றுமதி. இரண்டு பேருக்கும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். இந்தத் தடவை அப்படிப் போக மனசு வரவில்லை. சில மாதங்களாகப் படித்துக் குறித்து வைத்ததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். உலக வங்கிக் கணக்குப்படி 1960ல் தென் கொரியாவின் தலா வருமானம் சுமார் 158 டாலர். இந்தியாவுடையது 80 டாலர் சொச்சம். ஆக, 'நம்மைவிட ஏழை' என்பது சரியில்லை. அந்த வருஷம் கொரியாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய நாடு இலங்கை. வருமானம் கிட்டத்தட்ட அதே அளவு, எழுத்தறிவும் கிட்டத்தட்ட அதே அளவு. இன்னும் சொல்லப்போனால் பள்ளிக்கூட விஷயத்தில் இலங்கைதான் முன்னோடி. கன்னங்கரா காலத்தில், 1945லேயே, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசம் என்று அறிவித்த நாடு அது. கல்வி ஒன்றே போதும் என்றால் இன்று கொழும்பு எங்கேயோ இருந்திருக்க வேண்டும், இல்லையா? இந்தக் கேள்விதான் என்னைக் கொரியா பக்கம் இழுத்தது.

1945ல் ஜப்பான்காரர்கள் வெளியேறியபோது கொரியாவின் தெற்குப் பாதியில் பத்துப் பெரியவர்களில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 35 வருஷ காலனி ஆட்சி. அதன் கடைசி வருஷங்களில் பள்ளிக்கூடத்தில் கொரிய மொழிக்கே இடமில்லாமல் போயிருந்தது. விடுதலை கிடைத்ததும் சனங்கள் பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடினார்கள். அவர்களுக்கு ஒரு பெரிய வசதி, ஹங்குல் எழுத்து. 15ஆம் நூற்றாண்டில் செஜோங் அரசர் உருவாக்கிய எழுத்து அது. நானும் சும்மா முயன்று பார்த்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் கடைப் பலகைகளை வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டது, அர்த்தம் ஒன்றும் புரியாது என்பது வேறு விஷயம். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டமாக நிற்கும் முறை உயிர்மெய் பழகிய நமக்கு ஒன்றும் அந்நியமாகத் தெரியாது.

பிறகு 1950ல் போர். மூன்று வருஷத்தில் சியோல் நகரம் நான்கு முறை கை மாறியது. கூடாரங்களிலும் மரத்தடியிலும் மலைச்சரிவிலும் வகுப்புகள் நடந்தன. போர் முடிந்த பிறகு ஐ.நா. அமைப்புகளின் உதவியோடு சியோலில் ஒரு பாடநூல் அச்சகம் எழுந்தது. அதில் அச்சான புத்தகத்தில்தான் நான் படித்தேன் என்று பின்னாளில் ஐ.நா. பொதுச் செயலாளரான பான் கீ-மூன் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

வாட்ஸப் தகவல்களில் ஒருபோதும் வராத ஒரு சங்கதி உண்டு. அது நிலம். 1949ல் சட்டம் போட்டு, 1950ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்: ஒரு குடும்பத்துக்குச் சுமார் 3 ஹெக்டேர், அதற்கு மேல் கிடையாது. குத்தகைக்கு உழுதவர் சொந்தக்காரர் ஆனார். நிலக்கிழார்களுக்கு நஷ்டஈடாகக் கொடுத்த பத்திரங்களின் மதிப்பைப் போர்க்காலப் பணவீக்கம் தின்றுவிட்டது. சட்டத்தில் ஒரு சந்தும் இருந்தது. கல்வி அறக்கட்டளைகளின் நிலத்துக்கு விலக்கு. அதனால் நிறைய நிலக்கிழார்கள் நிலத்தைப் பள்ளிக்கூடத்தின் பேரில் எழுதி வைத்தார்கள். நம்மூரில் உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நிலம் பினாமி பெயர்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது. அங்கே பள்ளிக்கூடத்துக்குள் போய் ஒளிந்தது! தர்ம சிந்தனையால் வந்ததில்லை என்றாலும் கட்டடம் கட்டடம்தானே.

நிலம் கிடைத்த விவசாயி என்ன செய்தார்? பையனைப் படிக்க வைத்தார். அதற்காக மாட்டை விற்றார். கல்லூரியைத் 'தந்தக் கோபுரம்' என்று சொல்வது கொரியாவிலும் உண்டு. அந்தச் சொல்லில் தந்தத்தை எடுத்துவிட்டு 'உகொல்தாப்' என்று ஒரு கேலிச்சொல்லை உண்டாக்கினார்கள். மாட்டு எலும்புக் கோபுரம் என்று அர்த்தம். அப்பன் விற்ற மாட்டின் எலும்பால் கட்டிய கல்லூரி. பொருளாதார நூல்களில் வரும் 'மனித மூலதனம்' என்ற சொல்லைவிட எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் யார் கொடுத்த காசு என்பது இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அரசாங்கத்திடம் பணமில்லை. தொடக்கக் கல்வி இலவசம் என்று அரசியல் சட்டத்தில் எழுதியிருந்தும், பெற்றோர் சங்கக் கட்டணம் என்ற பேரில் வீடுகள்தான் சுமையைத் தாங்கின. ஒரு வகுப்பில் 80 பிள்ளைகளுக்கு மேல். நகரங்களில் ஒரே கட்டடத்தில் இரண்டு ஷிப்ட், சில இடங்களில் மூன்று. இப்படி அடித்துப் பிடித்துத்தான் 1950களின் முடிவில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளில் 95 சதவீதத்துக்கு மேல் பள்ளிக்குள் வந்தார்கள்.

அந்த வெறி எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு கதை. 1964 டிசம்பரில் சியோலில் நடுநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு. எழுதியவர்கள் 12 வயதுப் பிள்ளைகள். 'யொத்' என்ற மிட்டாய் செய்வதைப் பற்றி ஒரு கேள்வி: முளைகட்டிய தானிய மாவுக்குப் பதிலாக எதைச் சேர்க்கலாம்? டயஸ்டேஸ் என்ற நொதிதான் சரி என்று விடைத்தாள் சொன்னது. முள்ளங்கிச் சாறு என்று குறித்த பிள்ளைகளுக்கு மதிப்பெண் போச்சு. அந்த ஒரு மதிப்பெண்ணில் நல்ல பள்ளியும் போச்சு. அம்மாமார்கள் விடவில்லை. முள்ளங்கிச் சாற்றில் நிஜமாகவே மிட்டாய் கிண்டி, சட்டியோடு கல்வி அலுவலகத்துக்குப் போய் நின்றார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. முள்ளங்கியும் சரிதான் என்று தீர்ப்பு வந்து, 38 பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது.

இவ்வளவு படித்தும் 1960ல் கொரியா ஏழைதான். அமெரிக்கக் கோதுமையிலும் பருத்தியிலும் ஓடிய நாடு. பட்டம் வாங்கிய இளைஞர்களுக்கு வேலை இல்லை. 1960 ஏப்ரலில் மாணவர்கள் தெருவுக்கு வந்து அதிபர் சிங்மன் ரீயை நாட்டைவிட்டே ஓட வைத்ததற்குத் தேர்தல் மோசடி காரணம் என்றாலும், அந்தக் கூட்டத்தில் வேலையில்லாத கோபமும் இருந்தது.

இதே கட்டத்தில் இலங்கையையும் பாருங்கள். அங்கேயும் படித்த பிள்ளைகள் பெருகினார்கள். ஆனால் 1960லிருந்து 1977 வரை பொருளாதாரம் இறக்குமதித் தடைக்கும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டுக்கும் நடுவில் சிக்கிக் கிடந்தது. 1971 ஏப்ரலில் தெற்கில் வெடித்த ஜே.வி.பி. கிளர்ச்சியில் துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலானோர் படித்த கிராமத்து இளைஞர்கள். அதே வருஷம் டட்லி சீயர்ஸ் தலைமையில் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் குழு ஒன்று வந்து, படித்தவர்களின் வேலையின்மையைப் பற்றியே ஒரு பெரிய அறிக்கை எழுதியது. இருக்கிற சில பல்கலைக்கழக இடங்களுக்கான அடிதடியில் 'தரப்படுத்தல்' வந்து தமிழ்ப் பிள்ளைகளின் கதவைச் சாத்தியதும் அந்தக் காலத்தில்தான். அது எங்கே போய் முடிந்தது என்று இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாப் பழியையும் பொருளாதாரத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் பானையில் சோறு குறைவாக இருந்தது என்பதும் உண்மை.

கொரியாவில் பானை எப்படிப் பெரிதானது? 1961ல் ராணுவப் புரட்சி செய்து வந்த பார்க் சுங்-ஹீ ஆரம்பத்தில் தடுமாறினார். 1964 மே மாதம் ஒரு டாலருக்கு 130 வோன் என்றிருந்த நாணய மதிப்பை 255க்கு இறக்கினார்கள். அந்த வருஷ நவம்பர் 30 அன்று ஏற்றுமதி 10 கோடி டாலரைத் தொட்டது. அந்த நாளையே 'ஏற்றுமதி நாள்' ஆக்கிவிட்டார்கள். மாதாமாதம் அதிபரே உட்கார்ந்து, யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்று கணக்குக் கேட்டார். 1977ல் அது 1,000 கோடி டாலர்.

இதை 'கதவைத் திறந்தார்கள்' என்று சொல்வது அரை உண்மை. வெளியே போகும் கதவு திறந்திருந்தது, உள்ளே வரும் கதவு பெரும்பாலும் பூட்டித்தான் இருந்தது. வெளிநாட்டுக் கார் வாங்குவது எல்லாம் கனவு. வங்கிகள் அரசாங்கத்தின் கையில், ஏற்றுமதி செய்பவருக்கு மலிவு வட்டி. அதோடு பனிப்போர் வேறு. கம்யூனிசத்துக்கு எதிரான நாடு என்பதால் அமெரிக்கச் சந்தை இவர்களுக்குத் தாராளமாகத் திறந்தது. வியட்நாம் போருக்குப் படை அனுப்பியதில் டாலர் வந்தது. 1965ல் ஜப்பானோடு ஒப்பந்தம் போட்டதில் 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும் வந்தன. இந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது.

எதை விற்றார்கள்? கார் இல்லை, டிவி இல்லை. ஒட்டுப்பலகை, சட்டை, தலைமுடி. ஆமாம், விக். 1965ன் கடைசியில், கம்யூனிச நாட்டு முடியில் செய்த விக்குகளுக்கு அமெரிக்கா தடை போட்டது. சீன முடி வெளியே போனது, கொரிய முடி உள்ளே வந்தது. வியாபாரிகள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களின் கூந்தலை வாங்கினார்கள். 1970ல் நாட்டின் ஏற்றுமதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விக்.

அந்த விக்கையும் சட்டையையும் செய்தவர்கள் பதினாறு, பதினெட்டு வயதுப் பெண் பிள்ளைகள். தொடக்கப்பள்ளி முடித்தவர்கள். எழுத்துக் கூட்டத் தெரியும், அளவு பார்க்கத் தெரியும். பள்ளிக்கூடம் ஏற்றுமதிக்குக் கொடுத்த முதல் சரக்கு இதுதான். சியோலின் கூரோ தொழிற்பேட்டையில் வேலை. தங்குவது 'தேன்கூடு' என்று பெயர் வாங்கிய குச்சு அறைகளில். 'கொங்சுனி' என்று ஊர் அவர்களை இளக்காரமாகக் கூப்பிட்டது. ஆலைக்காரி என்பது மாதிரி. சம்பளத்தில் பாதிக்கு மேல் ஊருக்கு, அண்ணனோ தம்பியோ படிக்க. முதலில் மாடு போனது. அடுத்தது வீட்டுப் பெண் போனாள்.

இந்த இடத்தில் எனக்கு எழுத வரவில்லை, இரண்டு நாள் நிறுத்தி வைத்தேன். எங்கள் அக்கா பத்தாவதோடு நின்றவர். 1990களில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வருவார். சனிக்கிழமைச் சம்பளத்தில் என் ஹாஸ்டல் பீஸ் தனியாக ஒரு டப்பாவுக்குள் போகும். அவர் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவார். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசியதில்லை, நானும்தான்.

1970 நவம்பர் 13. சியோலின் பியோங்வா சந்தைத் தையற்கூடங்களில் வேலை பார்த்த ஜோன் தே-இல் என்ற 22 வயது இளைஞர் தன்மீது தீ வைத்துக்கொண்டார். சின்னப் பெண்கள் நிமிர்ந்து நிற்க முடியாத பரணில் உட்கார்ந்து தைத்து, நெஞ்சு நோய் வந்து சாவதைப் பார்த்தவர். 1953லேயே நல்ல தொழிலாளர் சட்டம் ஒன்று நாட்டில் இருந்தது, காகிதத்தில். அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்தார். சீன எழுத்துகள் மண்டிய சட்டமொழி, முறையாகப் பள்ளிக்குப் போகாத அவருக்குப் பாதி புரியவில்லை. கல்லூரியில் படிக்கும் நண்பன் ஒருவனாவது தனக்கு இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறார். அவர் போன பிறகுதான் கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். சந்தைக்கு வந்தார்கள், ஆலைக்குள் வேலைக்கே சேர்ந்தார்கள், இரவுப் பள்ளிகள் நடத்தினார்கள். மாட்டை விற்றுப் படித்த பிள்ளைகள் தைக்கிற பிள்ளைகளுக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஒன்பது வருஷம் கழித்து, விக் மவுசு இறங்கி, ஒய்.எச். என்ற கம்பெனி மூடப்போவதாகச் சொன்னது. ஒரு காலத்தில் நாட்டிலேயே பெரிய விக் கம்பெனிகளில் ஒன்று. 187 பெண்கள் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். 1979 ஆகஸ்ட் 11 அதிகாலையில் போலீஸ் உள்ளே புகுந்தது. கிம் க்யோங்-சுக் என்ற 21 வயதுப் பெண் இறந்துபோனார். அதைக் கண்டித்து நின்ற எதிர்க்கட்சித் தலைவரின் பதவி பறிபோனது, புசானும் மாசானும் கொதித்தன, அக்டோபர் 26 அன்று பார்க் சுங்-ஹீ தன் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பதினெட்டு வருஷ ஆட்சி. அது சரிய ஆரம்பித்த இடங்களில் ஒன்று விக் பின்னிய பெண்களின் உட்கார்வு.

அதற்குள் கொரியா அடுத்த படிக்குப் போய்விட்டது. 1966ல் கிஸ்ட் என்ற ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, வெளிநாட்டில் இருந்த விஞ்ஞானிகளைத் திரும்ப அழைத்தார்கள். தொழில்நுட்பப் பள்ளிகள் பெருகின. 1977ல் உலகத் தொழில்திறன் போட்டியில் முதலிடம் வந்த பையன்களுக்குத் தெருவில் ஊர்வலம் நடந்தது. கப்பல், எஃகு, கார், சிப். 1990களின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் வந்தது அந்த வரிசையின் நீட்சிதான். இந்தப் பகுதி எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது இந்தக் கதையை அக்காவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். மிட்டாய்க் கதைக்குச் சிரித்தார். தேன்கூட்டு அறையைப் பற்றிச் சொன்னபோது, "ஒரு ரூம்புக்கு எத்தன பேருடா?" என்றார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "அந்தப் புள்ளைங்க அப்புறமாச்சும் படிச்சாங்களா?"

சிலர் படித்தார்கள். 1970களின் நடுவிலிருந்து ஆலைகளோடு சேர்ந்த இரவுப் பள்ளிகள் வந்தன. பகலில் இயந்திரம், ராத்திரி பாடம். பதினாறு வயதில் கூரோவுக்கு வந்து அப்படிப் படித்த ஷின் க்யோங்-சூக் இன்று உலகம் அறிந்த நாவலாசிரியர். பெரும்பாலானவர்கள் படிக்கவில்லை. கூரோவில் இப்போது ஆலை இல்லை, கண்ணாடிக் கட்டடங்கள். ரயில் நிலையத்தின் பெயரையே டிஜிட்டல் பேட்டை என்று மாற்றிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு பழைய தேன்கூட்டு வீட்டை மட்டும் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அதன் படத்தை போனில் காட்டினேன். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "சமையல் எங்க பண்ணுவாங்க இதுக்குள்ள?" என்று கேட்டுவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தார்.