டெவாரட்டன் விருதின் தோற்றமும் வளர்ச்சியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கல்லூரிகளில் லாக்ரோஸ் ஆடும் மாணவருள் தலைசிறந்த ஒருவருக்கும், மாணவியருள் அவ்வாறே தலைசிறந்த ஒருத்திக்கும் ஆண்டுதோறும் அளிக்கப்பெறும் டெவாரட்டன் விருது, 2001-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் முதன்முதலாக வழங்கப்பட்டது. கால் நூற்றாண்டு வயதே உடைய ஒரு பரிசின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர், அதற்கு முந்திய நானூறு ஆண்டுச் சரித்திரத்தையும் உடன் நோக்காமல் ஓரடியும் செல்ல இயலாது. ஏனெனில், விருதின் பெயர் மோஹாக் என்னும் பூர்வகுடி மக்கள் அவ்வாட்டத்துக்கு இட்ட பெயராகும். பரிசாகக் கையில் தரப்படுவது மோஹாக் வீரன் ஒருவனுடைய வெண்கல உருவம். அப்பெயரையும் உருவத்தையும் கையாள மோஹாக் மூத்தோர் அவையின் இசைவும் பெறப்பட்டது. ஆட்டத்தைப் படைத்தவர்களே நெடுங்காலம் அதன் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர் என்பதை அறிந்தவர்க்கே இச்செய்திகளின் கனம் விளங்கும்.

நுனியில் வலை பின்னிய கழியொன்றால் சிறு பந்தை ஏந்தியும், ஓடியும், எறிந்தும் எதிரணியின் கோலுக்குள் செலுத்துவதே லாக்ரோஸ். மோஹாக், ஒனைடா, ஒனன்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா என்னும் ஆறு இனத்தாரும் சேர்ந்த ஹோடெனோஷோனிக் கூட்டமைப்பினர்க்கு அது வெறும் பொழுதுபோக்கன்று. சிருஷ்டிகர்த்தா மகிழும்பொருட்டு ஆடப்படுவது, நோயுற்றோர் குணமடைய வேண்டி ஆடப்படுவது என்பது அவர்தம் நம்பிக்கை. ஹியூரான் என்னும் மற்றொரு பூர்வகுடி மக்களிடையே சமயப்பணி செய்த பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் ழான் தெ பிரெபூஃப், 1636-ஆம் ஆண்டுக் குறிப்பில், நாட்டின் ஆரோக்கியத்துக்காக மந்திரவாதி இவ்வாட்டத்தை விதித்தலுண்டு என்று எழுதினார். மூடநம்பிக்கை என்று கண்டிக்கும் நோக்குடன் எழுதப்பட்ட அவ்வரிகளே, அம்மக்களின் பக்திக்கு நமக்குக் கிட்டும் பழைய சான்றுகளுள் ஒன்றாக நிற்கின்றன.

மாண்ட்ரியலைச் சேர்ந்த பல் வைத்தியர் ஜார்ஜ் பியர்ஸ் 1867-இல் இதன் விதிகளை வரையறுத்து அச்சிட்டார். 1876-இல் மோஹாக் ஆட்டக்காரர்கள் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, விண்ட்சரில் விக்டோரியா மகாராணியின் முன்னிலையில் ஆடிக்காட்டினர். நான்கு ஆண்டுகள் கழியுமுன், கனடாவின் லாக்ரோஸ் சங்கம் ஊதியம் பெறாதோர்க்கே ஆட்டம் உரியது என்று விதி செய்தது. பயணச் செலவுக்குப் பணம் பெற்றே வெளியூர் செல்லக்கூடிய ஏழைப் பூர்வகுடி அணிகள் அவ்விதியால் பெரும்போட்டிகளினின்றும் விலக்கப்பட்டன. மகாராணியின் முன் விருந்தாளிகளாக நின்றவர்கள் சொந்த மண்ணில் தகுதியற்றவர்களானது, விளையாட்டுச் சரித்திரத்தின் கொடிய அநீதிகளுள் ஒன்றென்றே நான் கருதுகிறேன். இதற்கிடையே 1877-இல் நியூயார்க் பல்கலைக்கழகம் அணி அமைத்தது. பெண்களின் ஆட்டமோ 1890-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் லியோனார்ட்ஸ் பள்ளியில் தோன்றி, 1926-இல் பால்டிமோரின் பிரின் மார் பள்ளி வழியாக அமெரிக்காவில் வேரூன்றியது.

கல்லூரி ஆட்டக்காரர்க்கு விருதுகள் டெவாரட்டன் விருதுக்கு முன்னும் இல்லாமலில்லை. சிறந்த தாக்குநருக்கு 1946 முதல் அளிக்கப்படும் ஜாக் டர்ன்புல் விருது, இரண்டாம் உலகப் போரில் உயிர்நீத்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வீரரின் ஞாபகார்த்தமானது. 1969-இல் தொடங்கிய ரேமண்ட் என்னர்ஸ் விருது, வியட்நாம் போரில் மாண்ட இளம் லெப்டினென்ட் ஒருவரின் பெயர் தாங்கியது. ஆண்களின் ஆட்டத்துக்கே உரிய இவை, போரில் மாண்டாரை நினைந்து உயிருள்ள இளைஞர்க்கு மாலையிட்ட உயர்ந்த சம்பிரதாயத்தைச் சேர்ந்தவை. ஆயினும், அமெரிக்கக் கால்பந்தில் ஹெய்ஸ்மன் விருதுக்குள்ள பிரசித்தியை இவற்றுள் எதுவும் அடையவில்லை.

இக்குறையை நீக்கவே டெவாரட்டன் விருது தோன்றியது. ஃபிரெடரிக் கைல் என்னும் சிற்பி வடித்த உருவத்தில், இடைத்துணி மட்டுமே தரித்த மோஹாக் வீரன், கழியை ஏந்தித் தரையினின்றும் பாய்ந்தெழுகின்றான். அவன் நிற்கும் பீடம், ஆறு இனங்களைக் குறிக்கும்பொருட்டு அறுகோணமாக அமைந்துள்ளது. ஆணுக்கும் பெண்ணுக்கும் முதலாண்டு முதலே ஒரே பெயரால், ஒரே உருவத்தை அளித்தது இதன் தனி விசேஷம். 2001-இல் ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தின் டக் ஷானஹனும், மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஜென் ஆடம்ஸும் இதைப் பெற்றனர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வந்த ஜென் ஆடம்ஸ் கல்லூரி வாழ்வில், தாமே அடித்த கோல்களும் துணைநின்ற கோல்களும் சேர்த்து, 445 புள்ளிகள் குவித்தவர். 2005-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அணியின் கைல் ஹாரிசன், இவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவரானார். ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் வரை, பீடத்தின் ஆறு கோணங்களும் குறித்து நின்ற மக்களுள் ஒருவர் பெயரும் வெற்றியாளர் வரிசையில் ஏறவில்லை.

அந்நிலையை மாற்றியவர்கள் ஒனன்டாகா சகோதரர்களாகிய மைல்ஸ் தாம்சனும் லைல் தாம்சனும் ஆவர். சிரக்யூஸ் நகரை அடுத்த ஒனன்டாகா நாட்டில் வளர்ந்து, தம் குல வழக்கப்படி வளர்த்த நீண்ட பின்னல் முதுகில் புரள, ஆல்பனி பல்கலைக்கழகத்துக்கு ஆடவந்த இவர்கள், மற்றவர் பயிற்சியாகக் கற்றதைப் பிதிரார்ஜிதமாகப் பெற்றவர்கள். 2013-ஆம் பருவத்தில் 113 புள்ளிகள் எடுத்த லைல், 1992-இல் ஸ்டீவ் மரோல் நிறுவிய 114 என்னும் உச்சத்துக்கு ஒன்று குறைவாக நின்றார். விருதும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராப் பெனலுக்குச் சென்றது. அடுத்த ஆண்டோ 51 கோல்கள் தாமே அடித்து, 77 கோல்களுக்குத் துணைநின்று, 128 புள்ளிகளோடு அவ்வுச்சத்தைக் கடந்தார். அண்ணன் மைல்ஸ் அதே பருவத்தில் 82 கோல்கள் அடித்து, 1990-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ரீஸ் செய்த சாதனையைச் சமன்செய்தார். கோல் அடித்தவர் பெரியவரா, அடிக்க வகைசெய்து பந்தை ஈந்தவர் பெரியவரா என்பதைத் தேர்வுக் குழுவினரால் பிரித்தறிய இயலவில்லை. முதன்முறையாக விருது இருவர்க்கும் பொதுவாக்கப்பட்டது. ஒருவர் இன்றி மற்றவரின் எண்ணிக்கை அத்துணை உயர்ந்திராது என்பதை உணர்வோர், அதனினும் நேர்மையான தீர்ப்பு வேறிருந்திருக்க முடியாதென ஒப்புவர். 2015-இல் லைல் தனித்து மீண்டும் வென்று, அடுத்தடுத்த இரண்டாண்டுகள் இவ்விருதைப் பெற்ற முதல் ஆடவரானார்; அவர் கல்லூரியை விட்டு நீங்கியபோது கணக்கில் நின்ற 400 புள்ளிகள் அன்றைக்குச் சிகரம்.

மகளிர் பிரிவில் மேரிலாந்தின் டெய்லர் கமிங்ஸ் 2014 முதல் தொடர்ந்து மூன்றாண்டுகள் வென்றதை வேறெவரும் எட்டவில்லை. கொள்ளைநோய் பரவிய 2020-இல் பருவமே பாதியில் நின்றமையால் விருது வழங்கப்பெறவில்லை. 2001-க்கு முன் ஆடியோரைச் சிறப்பிக்க 2011-இல் ஏற்பட்ட தனிக்கௌரவம், சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்தும் லாக்ரோஸும் ஆடிப் புகழ்பெற்ற ஜிம் பிரவுனுக்கு முதலில் அளிக்கப்பட்டது. பூர்வகுடி இளைஞர், இளம்பெண்டிர் ஆகியோர்க்குக் கல்வி உதவித்தொகையும் இவ்விருதின் நிர்வாகத்தாரால் வழங்கப்பட்டு வருகிறது. வெண்கல உருவத்தினும் அதனையே நான் மேலாக மதிக்கிறேன், ஏனெனில் கல்லூரிக்குள் புகாதவர் கல்லூரி விருதை எய்துதல் எங்ஙனம்? ஆடவர் புனிதமாகக் கருதும் மரக்கழியைப் பெண்டிர் தொடலாகாது என்னும் வழக்கம் உள்ள ஹோடெனோஷோனி ஊர்களிலிருந்தும், மூத்தோரின் தயக்கத்தைக் கடந்து, மகளிர் அணியொன்று உலகப் போட்டிகளுக்குச் சென்று வருகின்றது. எனினும் 2025 வரையுள்ள மகளிர் வெற்றியாளர் பட்டியலில் ஆறு இனத்தாரின் புதல்வியர் எவர் பெயரும் இன்னும் இடம்பெறவில்லை.