தில்லி மாநகரும் வாடகை வீடும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் பழமொழி. ஆயினும் உத்தியோகம் நாடித் தில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அவ்வளை எளிதில் வாய்த்ததில்லை. அதன் காரணத்தை இந்நகரின் வரலாற்றிலேயே நாம் காணலாம்.

1911 டிசம்பரில் நடைபெற்ற தர்பாரில், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். 1931இல் புது தில்லி முறைப்படி திறக்கப்பெற்றது. அங்கே பதவியின் படிநிலைக்கேற்பவே வீடுகளும் எழுந்தன. மேலதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள். எழுத்தர்களுக்குக் கோல் மார்க்கெட்டைச் சுற்றி முற்றம் வைத்த சிறு குடியிருப்புகள். அரசுக் குடியிருப்புக் கிட்டாதோர் கரோல்பாக் முதலிய இடங்களில் தனியாரிடம் வாடகைக்கு வீடு தேடினர்.

நாட்டுப் பிரிவினை இந்நிலையைக் கடுமையாக்கிற்று. 1941இல் சுமார் 9.18 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 1951இல் 17.44 லட்சமாயிற்று. உடைமையிழந்து வந்தோருக்காக ராஜேந்திர நகர், படேல் நகர், லாஜ்பத் நகர் முதலிய குடியேற்றங்கள் தோன்றின. அவர்களுள் பலர் தம் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டனர். மொட்டை மாடியில் நின்ற ஒற்றை அறைக்குப் பர்சாத்தி என்று பெயர். மழையைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து பிறந்தது அது. கோடையில் அனலும் குளிர்காலத்தில் உறைபனிக் காற்றும் புகும் அவ்வறையிலேதான் நம்மவர் பலரின் இல்லறம் தொடங்கிற்று. வீடிழந்து வந்தவர் கட்டிய வீட்டில், ஊரை விட்டு வந்த நாம் குடியேறினோம்.

குடித்தனக்காரரைக் காக்க 1947, 1952, 1958 ஆகிய ஆண்டுகளில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இயற்றப்பெற்றன. 1958ஆம் ஆண்டுச் சட்டம் நியாய வாடகைக்கு வரம்பிட்டது. 'பகடி' என்னும் மறைமுகப் பணத்தைத் தடுத்தது. சட்டம் கூறும் காரணமின்றி எவரையும் வெளியேற்றலாகாது என்றது. நோக்கம் நன்றே. ஆனால், விலைவாசி ஏற ஏறப் பழைய வாடகை மட்டும் அசையாது நின்றது. புதிதாக ஒருவரைக் குடிவைக்க வீட்டுக்காரர்கள் அஞ்சினர். உள்ளே இருப்பவரைக் காத்த வேலி, வெளியே நிற்பவரைத் தடுக்கும் வேலியுமாயிற்று.

பதினொரு மாத ஒப்பந்தம் பெருவழக்கானதற்கும் காரணம் உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதனைத் தவிர்க்கவே ஒரு மாதம் குறைக்கப்பட்டது. அவ்வொரு மாதக் குறைவினால், ஆண்டுதோறும் வாடகை உயர்வையோ வீடு மாறுதலையோ நம் குடும்பங்கள் எதிர்நோக்கின. பிள்ளைகளின் பள்ளியும் அதனுடன் ஊசலாடிற்று.

1988இல் வந்த திருத்தம், மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளைச் சட்டத்திலிருந்து விலக்கிற்று. 1995இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய வாடகைச் சட்டமோ நடைமுறைக்கு வரவேயில்லை. இன்று தில்லியில் அத்தொகைக்கு நல்லதோர் அறை கிடைப்பதும் அரிது. எனவே புதிதாக வருவோருள் பெரும்பாலோர் அச்சட்டத்தின் நிழலுக்கு வெளியேதான் வாழ்கின்றனர்.

மயூர் விகார், துவாரகை முதலிய பகுதிகளில் நம்மவர் பலர் இன்று சொந்த வீட்டினர். நேற்றுக் குடித்தனம் இருந்தோர் இன்று குடிவைப்போராயினர். மத்திய அமைச்சரவை 2021இல் ஒப்புதல் அளித்த மாதிரிச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அவ்வரம்பை நாமே முன்வந்து ஏற்கலாம். ஒப்பந்தத்தை எழுத்தில் வைப்பதும், வாங்கும் வாடகைக்குத் தவறாது ரசீது தருவதும் நம் கையில் உள்ளவையே. நாளை ரயிலிலிருந்து இறங்கப்போகும் ஓர் இளங்குடும்பத்துக்கு, முன்னே வந்த நாம் செய்யத்தக்க கடமையும் இதுவே.