முழுத் தொகுப்பில் இல்லாதவர்கள்

நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்கர்களுக்கு பேஸ்பால் அப்படி. அந்த ஆட்டக்காரர்களின் படம் அச்சடித்த சிறு அட்டைகளைச் சேகரிப்பது அங்கே நூறாண்டு கடந்த பழக்கம். இன்று அது பெரும் பணம் புரளும் சந்தையும்கூட. தொடக்கத்தில் இந்த அட்டைகளை யாரும் தனியாக விலைக்கு விற்கவில்லை. சிகரெட்டோடும் மிட்டாயோடும் ரொட்டியோடும் இனாமாக வந்தவை அவை. உணவு நிறுவனங்கள் இப்படிக் கொடுத்த பழைய தொகுப்புகளுக்குச் சேகரிப்பவர்களிடம் தனி மவுசு உண்டு. ஒரு அட்டைகூட விடுபடாத 'முழுத் தொகுப்பு' என்பதே அவர்களுடைய கனவு. அந்த 'முழு' என்ற சொல்லைத்தான் நாம் கொஞ்சம் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

கிராக்கர் ஜாக்கை எடுத்துக்கொள்வோம். சோளப்பொரியையும் நிலக்கடலையையும் பாகில் புரட்டிப் பெட்டியில் அடைத்து விற்கும் தின்பண்டம் அது. 1914-இல் அந்த நிறுவனம் 144 அட்டைகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. அட்டை பெட்டிக்குள்ளேயே கிடந்ததால் பாகின் கறை ஒட்டியது. கறையில்லாத 1914 அட்டை கிடைப்பது இன்றும் அரிது. 1915-இல் தொகுப்பு 176 அட்டைகளாக வளர்ந்தது. நூறு கூப்பன்களை அனுப்பினால், அல்லது ஒரு கூப்பனும் 25 சென்ட்டும் அனுப்பினால், முழுத் தொகுப்பும் அஞ்சலில் வீடு தேடி வந்தது. அதனால் 1915 அட்டைகள் ஓரளவு சுத்தமாகக் கிடைக்கின்றன. டை காப், ஹோனஸ் வாக்னர், வால்டர் ஜான்சன் என்று அந்தக் காலத்தின் பெரிய பெயர்கள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் 176 பேரில் ஒருவர்கூடக் கறுப்பின அமெரிக்கர் இல்லை.

கறுப்பர்களுக்கு ஆட்டம் தெரியாது என்பதாலா? இல்லை. மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின வீரர் 1884-லேயே டொலீடோ அணிக்காகப் பெரிய லீக்கில் ஆடியிருக்கிறார். 1887 ஜூலையில் இன்டர்நேஷனல் லீக்கின் அணி உரிமையாளர்கள் கூடி, இனி கறுப்பின ஆட்டக்காரர்களை ஒப்பந்தம் செய்வதில்லை என்று வாக்களித்தார்கள். அதன் பிறகு பெரிய லீக்குகளில் இதற்கு எழுத்தில் விதியே தேவைப்படவில்லை. பேசாமல் பேசிவைத்துக்கொண்ட கட்டுப்பாடாகவே அரை நூற்றாண்டுக்கு மேல் அது நின்றது. எழுதாத விதியின் வலிமை அதுதான். அதை எதிர்த்து வழக்குப் போட ஒரு காகிதம்கூடக் கிடைக்காது.

ஒதுக்கப்பட்டவர்கள் ஓய்ந்துவிடவில்லை. 1920-இல் ரூப் ஃபாஸ்டர் முன்னின்று நீக்ரோ நேஷனல் லீக்கை உருவாக்கினார். ஆஸ்கார் சார்ல்ஸ்டன், சாட்செல் பெய்ஜ், ஜாஷ் கிப்சன் என்ற மாபெரும் ஆட்டக்காரர்கள் இத்தகைய கறுப்பின லீக்குகளில் ஆடினார்கள். ஆனால் அமெரிக்கக் குழந்தையின் தின்பண்டப் பெட்டியில் வந்தது பெரிய லீக் வீரர்களின் முகம்தான். சார்ல்ஸ்டனின் படம் 1920-களில் கியூபாவின் சிகரெட் அட்டையில் வந்தது. கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். அவருடைய அட்டை என்று சேகரிப்பவர்கள் இன்று தேடுவது, அவர் இறந்தபின் புவேர்ட்டோ ரிக்கோவில் வெளிவந்த 1950-51 தொகுப்பில் உள்ளதை. சொந்த நாட்டு வீரர்களின் முகத்தைப் பார்க்கக் கடல் தாண்டித் தேட வேண்டியிருக்கிறது.

கிப்சன் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களம் இறங்கினார். அதே ஆண்டு பாண்ட் பிரெட் என்ற ரொட்டி நிறுவனம் 13 அட்டைகள் கொண்ட ஒரு தொகுப்பைத் தன் ரொட்டியோடு கொடுத்தது. பதின்மூன்றிலும் ஒரே ஆள், ராபின்சன் மட்டுமே. மட்டையோடு ஒன்று, கையுறையோடு ஒன்று, சிரித்த முகத்தோடு ஒன்று.

இதை ரொட்டி நிறுவனத்தின் தாராள மனசு என்று எழுதிவிட்டுப் போக முடியாது. கறுப்பர்களும் ரொட்டி வாங்குகிறார்கள் என்பது வியாபாரிக்கு எப்போதும் தெரியும். 1930-களிலேயே சிகாகோவிலும் ஹார்லெமிலும் கறுப்பின மக்கள், எங்களுக்கு வேலை தராத கடையில் எங்கள் காசைக் கொடுக்க மாட்டோம் என்று மறியல் செய்திருந்தார்கள். அந்தக் காசுக்கு மரியாதை தானாக வரவில்லை. போராடி வாங்கியது.

அப்படியானால் அட்டையில் முகம் வந்ததும் எல்லாம் மாறிவிட்டதா? 1954-இல் வில்சன் நிறுவனம் இறைச்சிப் பொட்டலத்தோடு கொடுத்த 20 அட்டைகளில் ராய் கேம்பனெல்லா இருந்தார். 1961-இல் போஸ்ட் நிறுவனம் காலை உணவுப் பெட்டியின் முதுகிலேயே 200 அட்டைகளை அச்சடித்தது. குழந்தைகள் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். கோணலாக வெட்டியதால் ஓரம் நேராக உள்ள அட்டைக்கு இன்று விலை அதிகம். வில்லி மேஸ், ஹேங்க் ஆரன், எர்னி பேங்க்ஸ் எல்லோரும் வெள்ளையர் வீட்டுக் காலை உணவு மேசையில் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

அதே 1961-இல், ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பயிற்சிக்கு வந்திருந்த வீரர்களுக்கு உள்ளூர் வர்த்தக சபை காலை விருந்து வைத்தது. அழைப்புப் பட்டியலில் கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. கார்டினல்ஸ் அணியின் பில் வைட் இதைப் பத்திரிகையாளரிடம் வெளிப்படையாகச் சொன்னபிறகே விஷயம் நாடறிந்தது. வெள்ளை வீரர்கள் தங்கிய விடுதியிலும் கறுப்பின வீரர்களுக்கு இடமில்லை; கறுப்பர் குடியிருப்பில் வீடு தேடித் தங்கினார்கள். பந்தைச் சேர்ந்து ஆடலாம், பந்தியில் சேர்ந்து உட்கார முடியாது. பெட்டியின் முதுகில் இடம் கொடுத்த சமூகம் மேசையில் நாற்காலி கொடுக்கவில்லை.

சேகரிப்பவர்களைக் குறை சொல்வது நம் நோக்கம் அல்ல. ஜெபர்சன் பர்டிக் என்ற எளிய மனிதர், மூட்டுவாதத்தால் கை முடங்கிய நிலையிலும், குப்பைக்குப் போக வேண்டிய மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் தாள்களையும் சேர்த்து நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 1963-இல் இறக்கும்வரை அதை ஒழுங்குபடுத்தினார். இன்று நாம் இந்த வரலாற்றைப் பேச முடிவதே அப்படிப்பட்டவர்களால்தான். ஆனால் எவ்வளவு பெரிய சேகரிப்பாளரும் அச்சானதைத்தான் காப்பாற்ற முடியும். அச்சாகாததை அவரும் காப்பாற்ற முடியாது.

1920 முதல் 1948 வரை நடந்த ஏழு நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று மேஜர் லீக் பேஸ்பால் 2020 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 2024-இல் அந்தப் புள்ளிவிவரங்களைத் தன் பதிவேட்டில் சேர்த்தது. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் அதுவரை முதலிடத்தில் இருந்தவர் கிராக்கர் ஜாக் அட்டையில் நிற்கும் அதே டை காப், 0.367. இப்போது முதலிடத்தில் ஜாஷ் கிப்சன், 0.372. பதிவேட்டைத் திருத்த முடிந்தது. பாகுக் கறை படிந்த பெட்டிக்குள் கிப்சனின் முகத்தைக் கண்டு துள்ளியிருக்க வேண்டிய ஒரு கறுப்பினக் குழந்தைக்கு அந்தக் காலையை யாராலும் திருப்பித் தர முடியாது.

ஆகவே, எங்கே 'முழுத் தொகுப்பு' என்ற சொல்லைக் கேட்டாலும் எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். யாரை அச்சடிக்க மறுத்தார்கள் என்றும் கேளுங்கள்.